சிட்னியில் ஒரு பிடி தவிடு

பிறர் வீட்டுப் பிள்ளையை வெறுங்கையோடு வாங்கக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் நம்பினார்கள். கொடுப்பவர் கையில் ஒரு பிடி தவிடாவது வைத்துத்தான் வாங்க வேண்டும். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் திரும்பிப் பார்க்கமாட்டான். மாட்டுக்கு வைக்கிற பொருளுக்கு ஈடாக வந்ததை எடுத்துப்போய் என்ன செய்வது என்று விட்டுவிடுவான். எமனை அவ்வளவு எளிதாக ஏமாற்றலாம் என்பதை நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஆனால் நம்பியவர்களிடம் சான்று இருந்தது. அந்தச் சான்று என் கணவர். அவருக்கு முன் பிறந்த மூன்று ஆண் குழந்தைகள் தங்கவில்லையாம். அவர் பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் போட்டு, அவளிடமிருந்து ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்களாம். நாற்பது வயதில், சிறு தொந்தியும் கழுத்தில் தொங்கும் கேமராவுமாக அவர் நடமாடிக்கொண்டிருந்தார். அதைவிட வலுவான எதிர்வாதம் எதையும் என்னால் முன்வைக்க முடியவில்லை.

நம்பியவர்களில் முதன்மையானவர் என் நாத்தனார். என் கணவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இளமையிலேயே கணவனை இழந்து, தாயில்லாத இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியவர். இளையவர் பொறியியல் படிக்க மெல்பர்னுக்குப் போய் அங்கேயே வேலையில் அமர்ந்தார். சிரம்பானில் பெண்ணெடுத்து அழைத்துப்போனார். ஒரு மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது தாய் நோயில் இறந்துபோனாள். பிறகு இரண்டு ஆண்டுகள் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரான ஓர் ஆஸ்திரேலிய அம்மாள். இப்போது கொழுந்தனுக்கு மேற்கே பாலைநிலத்தில் ஒரு சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது; குழந்தையைக் கூட்டிப் போக முடியாத இடம். “அண்ணி, நீங்களும் அண்ணனும் அவளை உங்கள் பிள்ளையாக எடுத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. சீக்கிரம் வாருங்கள்” என்று மலாய் நாட்டில், ஈப்போவில் இருந்த எங்களுக்கு எழுதினார்.

அப்போது எனக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள். இரண்டு முறை கரு நிற்கவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுவதில்லை. விருந்தினர்கள்கூட அதைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள். அந்தக் கடிதத்தில் ‘சீக்கிரம்’ என்ற சொல் இருந்த இடத்தில் தாள் நைந்துபோகும்வரை நான் அதைப் படித்தேன்.

திட்டம் எளிமையானது. சிட்னியில் இறங்குவது, ஒருநாள் இளைப்பாறுவது, மறுநாள் பகல் ரயிலில் மெல்பர்ன் போவது. ஆறு மாதம் சட்டத்தாள்களுக்கு அலைந்த பிறகு இந்த ஒருநாள்கூட எனக்கு மிகையாகவே பட்டது. நாத்தனாரின் பெட்டியில், ஒரு பழைய பால்மாவு டின்னுக்குள், மஞ்சள் துணியில் முடிந்த தவிடு இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஈப்போவிலேயே அந்தச் சண்டையை முடித்திருப்பேன்.

சிட்னி விமான நிலையத்தில் அந்த டின் வெளியே வந்தது. பரிசோதனை அதிகாரி நெடிய மனிதர், மரியாதை தெரிந்தவர். மூடியைத் திறந்து முகர்ந்து, “இது என்ன?” என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

“அரிசித் தவிடு.”

“சாப்பிடுவதற்கா?”

“இல்லை.”

“பிறகு எதற்கு?”

நான் பதினைந்து ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள். ‘ஒரு குழந்தையை வாங்குவதற்கு’ என்பதை எந்த இலக்கணத்தோடு சொன்னாலும் எங்கள் மூவரையும் தனி அறையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அந்த ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. “செரிமானத்துக்கு” என்றேன். அவர் நாத்தனாரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, அந்நாட்டுச் சட்டம் எந்தத் தானியத்தையும் உள்ளே விடாது என்று விளக்கி, டின்னை மேசைக்குப் பின்னால் இருந்த தொட்டியில் போட்டார்.

“என்னா சொன்ன அவன்கிட்ட?” என்றார் நாத்தனார்.

“சட்டம் விடாதாம் அக்கா.”

“அது அவன் சொன்னது. நீ என்னா சொன்ன?”

“வயித்துக்கு மருந்துன்னு சொன்னேன்.”

“யார் வயித்துக்கு?”

“உங்க வயித்துக்கு.”

நார்த்மீட் போய்ச் சேரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

நார்த்மீட்டில் எங்களை ஏற்றுக்கொண்டது ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரின் குடும்பம். டாக்டர் முன்பு ஈப்போ மருத்துவமனையில் இருந்தவர், அந்தப் பழக்கம். தெருவின் கடைசியில் அப்போது ஆரஞ்சுத் தோட்டம் ஒன்று மிச்சமிருந்தது. டாக்டரின் மனைவி என்னைவிடச் சிறியவர், வாசலுக்கே ஓடிவந்தார்.

“வாங்கோ, வாங்கோ. அன்ரி, இந்தக் கதிரையில இருங்கோ. கால் வீங்கிப்போச்சு.”

நாத்தனார் உட்காரவில்லை. “ஏம்மா, இந்த ஊர்ல தவிடு எங்க கெடைக்கும்?”

“தவிடோ? கோழி வளக்கப் போறியளோ அன்ரி?”

நாத்தனார் விளக்கினார். டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். “எங்கட பக்கம் இப்பிடி ஒண்டு கேள்விப்படேல்ல. ஆனா இஞ்ச குதிரைக்குப் போடுறவை. தேடிப் பாப்பம்.”

“கெடைக்கிற வரைக்கும் நான் மெல்பர்ன்ல கால் வைக்க மாட்டேன்” என்றார் நாத்தனார். பிறகு என்னைப் பார்த்து, “நீயும்தான்” என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். பதினொரு ஆண்டுகளில் தம் அக்காவின் பேச்சை அவர் மறுத்து நான் கண்டதில்லை. ஆனால் அன்று மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசைமேல் சிட்னியின் சுற்றுலாக் கையேடு ஒன்றை விரித்து வைத்திருந்தார். “சரிக்கா. கெடைக்கிற வரைக்கும் ஊரப் பாப்போம். இவ்ளோ தூரம் வந்துட்டு பாலத்தப் பாக்காமப் போனா நாளைக்கு நாலு பேரு என்ன கேப்பான்?”

நாலு பேர் என்னிடம் என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இவ்வாறுதான் நாங்கள் சுற்றுலாப் பயணிகள் ஆனோம். முதல் நாள் பாராமட்டாவிலிருந்து சிவப்பு ரயிலில் நகரத்துக்குப் போய்ப் பாலத்தையும், திறந்து சில காலமே ஆகியிருந்த ஓபரா மாளிகையையும் பார்த்தோம். அந்த மாளிகை அழகானது என்பதை நான் பிற்காலத்தில்தான் ஒப்புக்கொண்டேன். அன்று அதன் வெள்ளைக் கூரைகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. என் கணவர் எங்கள் இருவரையும் அதன் படிகளில் ஏழு வகையாக நிற்கவைத்துப் படமெடுத்தார். “கொஞ்சம் சிரியேன்” என்றார் என்னிடம். அவர் அக்கா சிரிக்கவே இல்லை என்பதை அவர் குறிப்பிடவில்லை.

அங்கிருந்து சீனர் கடைத்தெருவுக்கு நடந்தோம். நாத்தனாருக்குத் தமிழை விட்டால் சந்தையில் பேசும் மலாய் மட்டுமே தெரியும். அதை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு கடையிலும் “டெடாக்? டெடாக்?” என்று கேட்டுக்கொண்டே போனார். மலாயில் தவிட்டுக்கு அதுதான் பெயர். நான்காவது கடையின் கிழவர் பினாங்கிலிருந்து வந்தவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். இருவரும் கால்மணி நேரம் பினாங்குச் சந்தையின் மீன் விலையைப் பேசினார்கள். முடிவில் அவர் கையை விரித்தார். இந்த ஊருக்கு வரும் அரிசி பளபளவென்று தீட்டித்தான் வருகிறது. தவிடு ஆலையிலேயே தங்கிவிடுகிறது.

இரண்டாம் நாள் படகேறி விலங்குக்காட்சிச் சாலைக்குப் போனோம். கங்காருவை என் கணவர் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்தார். நாத்தனார் கங்காருவைப் பொருட்படுத்தவில்லை. யானைக் கொட்டிலின் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் சாக்கு மூட்டைகள் இருந்ததைப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தார்.

“யானைக்கு வச்சிருக்கான் பாரு. ஒரு கை கேளு.”

“அக்கா, இது அரசாங்க யானை.”

“யானைக்குக் கொறஞ்சா போயிடும்? நீதான் இங்கிலீசு படிச்சவளாச்சே, கேளு டீச்சரம்மா.”

யானைக்காரர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றுகொண்டிருந்தார். வேறு வழி இல்லை. நான் அவரிடம் போய், உங்கள் யானை மிகவும் அழகாக இருக்கிறது என்று இந்த அம்மாள் சொல்கிறார் என்றேன். அவர் மகிழ்ந்து, அதன் வயது, குணம், குளிக்கும் நேரம் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பி, “தர முடியாதாம் அக்கா” என்றேன்.

நாத்தனார் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். “ஏர்போர்ட்ல அவன்கிட்ட தவிட்டுக்கு ‘பிரான்’னு ஒண்ணு சொன்னியே. இப்ப இவ்ளோ நேரம் பேசினதுல அந்தச் சத்தமே வரலியே?”

படிப்பறிவில்லாதவர் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தவரிடமிருந்து எதையும் மறைக்க முடிந்ததில்லை.

மூன்றாம் நாள் டாக்டரின் மனைவி எங்களைப் பாராமட்டாவில் கால்நடைத் தீவனம் விற்கும் கடைக்குத் தம் காரில் அழைத்துப்போனார். கடைக்காரர் ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். அகன்ற, செம்பழுப்பான செதில்கள். நாத்தனார் உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

“இது கோதும.”

“தவிடுதானே அக்கா!” என்றேன். என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது.

“கோதுமத் தவிட்டுக்குப் பிள்ள வாங்கினதா எங்கியாவது கேள்விப்பட்டிருக்கியா?”

நெல் தவிடு வேண்டுமானால் தெற்கே நெல் விளையும் மாவட்டத்திலிருந்து வரவழைக்கலாம், பத்து நாளாகும் என்றார் கடைக்காரர். நாத்தனார் பத்து நாள் என்பதை விரல்விட்டு எண்ணி, சரி என்பதுபோல் தலையசைத்தார். நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். சன்னலுக்கு வெளியே ஒரு குதிரை எங்களுக்கு ஆகாததைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று பிற்பகல் டாக்டர் வீட்டிலிருந்து மெல்பர்னுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் கூப்பிட்டேன். கொழுந்தன் என்னை முடிக்க விடவில்லை.

“அவசரம் ஒண்ணுமில்ல அண்ணி. நல்லா சுத்திப் பாத்துட்டு மெதுவா வாங்க.”

கடிதத்தில் ‘சீக்கிரம்’ என்று எழுதிய அதே மனிதர். நான் காத்திருந்தேன். பொறுமை என்று என்னைப் பற்றிப் பிறர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மறுமுனையில் இருப்பவர் உண்மையைச் சொல்லும்வரை பேசாமல் இருப்பேன்.

“வீட்டுச் சொந்தக்காரம்மா ஒண்ணு கேக்குறாங்க” என்றார் கடைசியில். “பள்ளிக்கூடத்துல சேக்குற வயசு வரைக்குமாவது பாப்பாவத் தானே வச்சுக்கறேங்கறாங்க. நேத்து அழுதாங்க அண்ணி. எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல.”

பள்ளியில் சேர்க்கும் வயதுக்குப் பிறகு எந்தக் குழந்தையும் வீடு மாறி வராது என்பதை அறிய ஆசிரியையாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் முதல் நாளே போயிருந்தால் அந்த அம்மாளுக்கு இதைக் கேட்பதற்கே நேரமிருந்திராது. ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தை எங்களிடமிருந்து ஓர் அடி பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாங்களோ கங்காருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கணவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து அவர் சொன்னது இது: “நாளைக்கு மலைக்கு டிக்கெட் எடுத்தாச்சே. போயிட்டு வந்து அக்காகிட்ட பேசறேன்.”

நான்காம் நாள் நீலமலைக்குப் போனோம். மூன்று சகோதரிகள் என்று பெயர்பெற்ற பாறைகளைக் காணப் பெருந்தொகையான மக்கள் கைப்பிடிச்சுவரோடு நின்றார்கள். பாறைகள் மூடுபனிக்குள் இருந்தன. ஒரு மணி நேரம் காத்திருந்தோம், பனி விலகவில்லை. என் கணவர் பனியையே ஆறு படம் எடுத்தார். “வெலகினதும் தெரியுமில்ல, எங்க இருந்துதுன்னு” என்றார். அந்த விளக்கத்தை நான் நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்தும் பொருள் கண்டுபிடிக்கவில்லை. அக்காவிடம் அவர் பேசவும் இல்லை.

ஐந்தாம் நாள் பகல் உணவின்போது பேசிவிடுவது என்று நானே முடிவு செய்தேன். முதல்முறையாக நாத்தனாரை எதிர்த்துப் பேசப் போகிறேன். அதற்கான வாக்கியங்களைக் காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்தேன். டாக்டரின் மனைவி குசினியிலிருந்து சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். நாத்தனார் இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டைச் சற்றுத் தள்ளினார்.

“தப்பா நெனைக்காதம்மா. நாலு நாளா சொல்ல வேணாம்னு இருந்தேன். இந்த அரிசி தொண்டையில நிக்குது. தீட்டவே இல்ல.”

“ஓம் அன்ரி. டொக்டருக்குச் சீனி வருத்தமெல்லோ. தீட்டாத அரிசிதான் நல்லதெண்டு ஒரு கடையில தேடி வாங்குறனான்.”

அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. வேறொன்று வந்தது.

“அக்கா. தீட்டாத அரிசின்னா அதோட தவிடு எங்க இருக்கும்?”

நாத்தனார் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பழுப்புநிறச் சோறு குழம்பில் பாதி நனைந்து கிடந்தது.

“அரிசி மேலயே” என்றார் மெல்ல. பிறகு, “அடப் பாவமே, நாலு நாளா தின்னுட்டமே!”

“அப்ப ஏர்போர்ட்ல இவ சொன்னது பொய்யில்ல” என்றார் என் கணவர். “வயித்துக்குத்தான் போயிருக்கு.”

ஐந்து நாட்களில் அவர் சொன்னவற்றுள் பொருளுடைய பேச்சு அது ஒன்றுதான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. யாரும் கவனிக்கவில்லை, கவனித்தும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

உடனே பின்கட்டில், துணி உலர்த்தும் கம்பிச்சுற்றின் நிழலில், பாய் விரித்தோம். டாக்டர் வீட்டில் மிளகாய் இடிக்கும் சின்ன இரும்பு உரல் ஒன்று இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, இரண்டிரண்டு கை அரிசியாகப் போட்டு இடித்தோம். நெல்லை முதலில் குத்தும்போது வருவது உமி. அரிசியை மறுபடி தீட்டும்போதுதான் தவிடு உதிரும். இது எனக்கு நூல்வழியாகத் தெரியும். நாத்தனாருக்குத் தோள்வழியாகத் தெரியும். “கோவமா இடிக்காத, அரிசி ஒடஞ்சு குருணையாப் போவும்” என்றார். நான் ஐந்து நாள் கோபத்தோடுதான் இடித்துக்கொண்டிருந்தேன். “ஓரமா இடி. அரிசியும் அரிசியும் ஒரசணும், அவ்ளோதான்.” டாக்டரின் மனைவி மாவு சலிக்கும் அரிதட்டைக் கொண்டுவந்தார். மாலைக்குள் ஒரு பிடி சேர்ந்தது. சந்தன நிறம், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. தேயிலை டின் ஒன்றில் அதைப் போட்டு மூடினோம். நான் வாழ்நாளில் சம்பாதித்த பொருட்களில் அவ்வளவு உழைப்புப் பிடித்தது வேறில்லை.

மறுநாள் பகல் ரயிலில் புறப்பட்டோம். வழியெல்லாம் மஞ்சள் புல்வெளியும் ஆடுகளும். நாத்தனார் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, நெல் வயல் தெரிகிறதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை, மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரேயில், பலகைச் சுவர் வைத்த சிறு வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய, சிவந்த கைகள். தேநீரும் கேக்கும் தயாராக இருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. அவருடைய பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எங்கள் மூவரையும் அளந்துகொண்டிருந்தது குழந்தை. மூன்றரை வயது. என் கணவரின் நெற்றி. நாத்தனாரின் பிடிவாதமான தாடை. அது அந்த அம்மாளை ஆங்கிலத்தில் அம்மா என்று அழைத்தது. அதை எதிர்பார்த்திருக்க வேண்டும், நான் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தன் சுவரில் சாய்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

நாத்தனார் தேநீர் குடித்து முடித்ததும் டின்னோடு எழுந்தார். “தம்பி, கிழக்கப் பாத்து நில்லு. கைய நீட்டு.”

கொழுந்தன் கையை நீட்டவில்லை. “எங்கிட்ட வேணாங்க்கா.”

“ஏன்டா?”

“நான் பெத்ததோட சரி. ராத்திரி முழிச்சது, காய்ச்சலுக்குத் தூக்கிட்டு ஓடினது எல்லாம் அவங்க. எங்கிட்ட வாங்கினா அது வாங்கினதா ஆவாது.”

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாத்தனார் தம்பியைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு, அது மிகச் சாதாரணமான திருத்தம் என்பதுபோல், இரண்டடி நகர்ந்து அந்த அம்மாளின் எதிரே போய் நின்று டின்னை நீட்டினார்.

“சொல்லு அவங்களுக்கு” என்றார் என்னிடம்.

நான் சொன்னேன். எங்கள் வீட்டில் ஒரு குழந்தையை வாங்கும்போது, கொடுப்பவர் கையை வெறுமையாக விட மாட்டோம்; இது அரிசித் தவிடு; எங்கள் கையால் இடித்தது. அந்த அம்மாள் டின்னுக்குள் பார்த்தார். சிரிப்பார் என்று அஞ்சினேன். சிரிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால், இவள் என்னுடைய பிள்ளை என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?

“என்னா கேக்குறாங்க?” என்றார் நாத்தனார்.

சொன்னேன்.

“ஆமா, அவங்க பிள்ளதான். அதனாலதான அவங்ககிட்ட வாங்குறோம். இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு? சொல்லு.”

இந்த ஒரு வாரத்தில் இரண்டு முறை நாத்தனாரின் சொல்லை மாற்றிச் சொன்னவள் நான். மூன்றாம் முறையும் மாற்றுவது கடினமாக இருந்திராது. ‘இது வெறும் சடங்கு’ என்று சொல்லியிருக்கலாம். ‘உங்கள் உதவிக்கு நன்றி’ என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னுடையவள் ஆக வேண்டும் என்பதற்காகத்தான் கடல் கடந்து வந்திருந்தேன். அவள் உங்களுடையவள் என்பதை என் வாயால் சொல்லச் சொன்னார்கள்.

“என்னா யோசிக்கிற? இப்பவும் செரிமானம்னு சொல்லப் போறியா?”

நான் சொன்னேன். ஆம், உங்கள் பிள்ளைதான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

அந்த அம்மாள் தம் பெரிய கைகள் இரண்டையும் நீட்டி டின்னை வாங்கிக்கொண்டார். கொழுந்தன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளியில் சேர்க்கும் வயது பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்து நடந்ததை நாத்தனார் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். குழந்தை எட்டி டின்னுக்குள் பார்த்தது. அந்த வீட்டில் தவிடு என்றால் அது எதற்கு என்பதில் அதற்கு ஐயமே இல்லை. அந்த அம்மாளின் கையிலிருந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டு பின்வாசல் வழியே ஓடியது. நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள், எலுமிச்சை மரத்தடியில் இருந்த ஆறு கோழிகளுக்கு எங்கள் ஐந்து நாள் உழைப்பைப் பிடி பிடியாக அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

“ஐயையோ!” என்றார் என் கணவர், அக்காவின் முகத்தைப் பார்த்து.

“எதுக்குடா ஐயையோ? குடுத்தாச்சு. அவங்க தவிடு, அவங்க கோழி.”

அந்த அம்மாள் அப்போதுதான் சிரித்தார். சிரித்தபடியே மேலங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டின் காலியானதும் குழந்தை சுற்றுமுற்றும் பார்த்தது. பிசுக்கான கையைத் துடைக்க எதுவும் அகப்படவில்லை. மிக அருகில் நின்றது நான். என் சேலை முந்தானையை இழுத்து, இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டது. வெளிர் நீலப் பட்டு. கறை இன்றுவரை போகவில்லை. போக நான் விட்டதும் இல்லை.

“இதப் படம் எடுங்க” என்றேன் கணவரிடம். அவர் கேமராவைத் தூக்கினார். தூக்கியதை அப்படியே இறக்கினார். பிலிம் தீர்ந்துவிட்டிருந்தது. பாலம் பதினான்கு, ஓபரா மாளிகை ஏழு, கங்காரு நான்கு, பனி ஆறு. எங்கள் பிள்ளை எங்களிடம் வந்த நாளுக்கு ஒன்றுகூட இல்லை. நான் அன்று அவரிடம் சொன்னதை இங்கே எழுதுவது முறையாகாது.

எனவே அந்த நாளைக் கண்டவர்களின் சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கொழுந்தன் அந்தச் சுரங்க ஊரிலேயே மறைந்தார். ஆண்டுதோறும் பிறந்தநாளுக்கு ஈப்போவுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பிக்கொண்டிருந்த அந்த அம்மாளும் இல்லை. நாத்தனார் போனார். தவிட்டுக்கு வாங்கப்பட்ட என் கணவர் எழுபத்தெட்டு வயதுவரை இருந்துவிட்டுப் போனார். மகள் வெஸ்ட்மீட்டில் மருத்துவமனை வேலைக்குப் போகிறாள். அந்த ஆரஞ்சுத் தோட்டம் இருந்த தெருவுக்கு நான்கு தெரு தள்ளி அவளோடு இருக்கிறேன். அவளுக்கு அந்தக் கோழிகள் நினைவில்லை. எனக்கு ஆறும் நினைவிருக்கின்றன. அன்று அங்கே இருந்தவர்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான்.